கவுன்சில் எஸ்டேட்டில் பார்க்கிங் விதிகள் மாறுகின்றனவா? பெர்மிட் முதல் டிரிப்யூனல் வரை முழுமையான வழிகாட்டி

லண்டனில் கவுன்சில் எஸ்டேட்டில் குடியிருக்கிறீர்கள் என்றால், "உங்கள் எஸ்டேட்டில் பார்க்கிங் ஏற்பாடுகள் மாறுகின்றன" என்று ஹவுசிங் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் ஏற்கனவே வந்திருக்கலாம், வராவிட்டால் இனி வரலாம். நம்மில் பலர் அதைப் பீட்சா விளம்பரங்களோடு சேர்த்து ஒரு ஓரமாக வைத்துவிடுகிறோம். சில மாதம் கழித்து கார் கண்ணாடியில் டிக்கெட், அப்புறம் ஒரு கடிதம், அப்புறம் இன்னும் கடுமையாக ஒரு கடிதம், கடைசியில் கடனை வசூலிக்க விடியற்காலையில் கதவைத் தட்டும் பெயிலிஃப். இதில் ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்துவதற்கு வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது, அது தாண்டினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வேலை சிக்கலாகிவிடும். ஈஸ்ட் ஹாம் ஆனாலும் டூட்டிங் ஆனாலும் நம் ஆட்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் விதியை மீறியதால் இல்லை, கடிதத்தைப் பிரிக்காததால்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு, குறிப்பாக லண்டனுக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் சில இடங்களில் வேறு.

என்னதான் மாறுகிறது, ஏன் மாறுகிறது

எஸ்டேட்டுக்குள் இருக்கும் கார் நிறுத்தும் இடம் பெரும்பாலும் பொதுச் சாலை கிடையாது, கவுன்சிலின் ஹவுசிங் நிலம். அதனால் பல வருடமாக அங்கே தெருவில் உள்ள பார்க்கிங் சட்டம் ஓடவில்லை. ஒரு தனியார் கம்பெனியை அமர்த்துவார்கள், அவர்கள் ஒரு போர்டு வைப்பார்கள், பெர்மிட் இல்லாத வண்டியின் சக்கரத்துக்குக் கிளாம்ப் என்ற பூட்டுப் போடுவார்கள் அல்லது தூக்கிக்கொண்டு போவார்கள். 2012ல் வந்த சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றிவிட்டது. அந்த வருடம் அக்டோபர் 1 முதல் தனியார் நிலத்தில் சட்ட அதிகாரம் இல்லாமல் கிளாம்ப் போடுவது குற்றம்.

அதே சட்டத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடம் கட்டணம் கேட்கலாம் என்று தனியார் நிறுவனங்களுக்கு அது உரிமை கொடுத்தது, ஆனால் போக்குவரத்து அதிகாரம் உள்ள கவுன்சில் நடத்தும் பார்க்கிங் இடங்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. விளைவு, கவுன்சில் எஸ்டேட்டில் ஒப்பந்த முறையில், அதாவது போர்டில் உள்ள நிபந்தனைக்குச் சம்மதித்து நிறுத்தியதாக வைத்துக்கொண்டு, போட்ட டிக்கெட்டுக்காக வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவிடம் பெயர், முகவரி வாங்க முடியாமல் போனது. டிக்கெட் போடுவார்கள், கட்டாவிட்டால் யாரைத் தேடுவது என்று தெரியாது. இது ஊருக்கே தெரிந்தபோது ஸ்டேஷனுக்குப் பக்கத்து எஸ்டேட்டுகளில் வெளியாட்கள் காரை விட்டுவிட்டு டியூப் ஏறிப் போக ஆரம்பித்தார்கள்.

அதற்கு விடைதான் இப்போது வரும் மாற்றம். 1984ம் வருட சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் எஸ்டேட்டுக்கு என்று ஒரு போக்குவரத்து ஆணை போடுகிறார்கள். கடிதங்களில் அதை டிஎம்ஓ என்று சுருக்கி எழுதுவார்கள். குடியிருப்போர் நடத்தும் நிர்வாக அமைப்புக்கும் இதே சுருக்கம்தான், குழம்ப வேண்டாம். ஆணை வந்தபின் எஸ்டேட்டில் போடும் டிக்கெட்டும் தெருவில் போடும் டிக்கெட்டும் ஒரே சட்டம், ஒரே பலம். "எஸ்டேட் டிக்கெட் தானே, தூக்கிப் போடு" என்று பழைய நாளில் அண்ணன்மார் சொன்ன அறிவுரை இப்போது ஆபத்தானது. அதே சமயம் முன்னால் இல்லாத சில உரிமைகளும் இதோடு வருகின்றன: ஆணைக்கு ஆட்சேபணை சொல்லலாம், டிக்கெட்டை எதிர்த்து இலவசமாக டிரிப்யூனல் என்ற ஒரு சுதந்திரமான நடுவரிடம் போகலாம்.

முதல் படி: உங்கள் எஸ்டேட் யாருடையது, எந்த முறையில் ஓடுகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற எதையும் செய்ய வேண்டாம். எல்லோரும் "கவுன்சில் வீடு" என்று சொல்லும் பல எஸ்டேட்டுகள் எப்போதோ ஹவுசிங் அசோசியேஷனுக்குக் கைமாறிவிட்டன. வாடகை ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் எஸ்டேட் நுழைவாயிலில் உள்ள போர்டைப் படியுங்கள். கவுன்சில் பெயர், கட்டுப்பாட்டு நேரம், பெர்மிட் வகை மட்டும் இருந்தால் அநேகமாக ஆணை வந்துவிட்டது. "இங்கே நிறுத்துவதன் மூலம் கீழ்க்கண்ட நிபந்தனைகளுக்கு நீங்கள் சம்மதிக்கிறீர்கள்" என்ற ரீதியில் சின்ன எழுத்தில் நீளமாக எழுதி, ஒரு தனியார் கம்பெனி பெயரும் இருந்தால் அது ஒப்பந்த முறை. ஒரே எஸ்டேட்டில் இரண்டும் கலந்திருக்கும்: உள்சாலை பொதுச் சாலை, பிளாக்குக்குக் கீழே உள்ள பேக்கள் (ஒரு கார் நிறுத்தக் கோடு போட்ட இடம்தான் பே) ஹவுசிங் நிலம், ஓரத்தில் உள்ள கராஜ் தனி. சந்தேகம் என்றால் கவுன்சிலின் பார்க்கிங் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பிளாக் பெயரையும் பேயின் இடத்தையும் சொல்லி, எந்த ஆணை பொருந்தும், அதன் வரைபடத்தைத் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டால் யார் என்ன சொன்னார் என்பதற்குப் பின்னால் ஆதாரம் இருக்காது.

இரண்டாம் படி: ஆணை வருவதற்கு முன்பே பேசுங்கள்

பலர் தவறவிடும் இடம் இதுதான். மாற்றம் பொதுவாக இரண்டு கட்டமாக வரும். முதலில் ஒரு கருத்துக் கேட்பு: எந்த நேரத்தில் கட்டுப்பாடு வேண்டும், வீட்டுக்கு எத்தனை பெர்மிட், பார்வையாளருக்கு எப்படி என்று ஒரு படிவம் அல்லது இணைய இணைப்பு. நீங்கள் அதை நிரப்பிவிட்டு "நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே" என்று இருந்துவிடுவீர்கள். ஆனால் அது சட்டப்படியான ஆட்சேபணை ஆகாது. சில மாதம் கழித்து, ஆணை போடப் போகிறோம் என்ற முறையான அறிவிப்பு உள்ளூர் பத்திரிகையில் வரும், கவுன்சில் தளத்திலும் வரும், விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டப்பட்ட ஏ4 தாளாகவும் தொங்கும். அந்த அறிவிப்பு வந்ததிலிருந்து 21 நாள். அந்த நாட்களுக்குள் எழுத்தில், காரணத்தோடு, அறிவிப்பில் உள்ள குறிப்பு எண்ணைப் போட்டு அனுப்பினால்தான் அது ஆட்சேபணை. அதைக் கவுன்சில் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும்.

என்ன எழுதுவது? "இது அநியாயம், எங்களிடம் பணம் பறிக்கிறீர்கள்" என்று எழுதினால் ஒரே வரியில் பதில் வரும். உங்கள் எஸ்டேட்டின் நிலைமையை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி:

"எங்கள் பிளாக்கில் பலர் இரவு ஷிப்ட் வேலை செய்கிறோம். வரைபடத்தில் எங்கள் பக்கத்தில் உள்ள பேக்கள் குறைக்கப்பட்டுள்ளன. இரவு 2 மணிக்கு வேலை முடிந்து வருபவர் எஸ்டேட்டின் மறுமுனையில் நிறுத்தி, விளக்கில்லாத பாதையில் நடந்து வர வேண்டும். எத்தனை வீடுகளுக்கு எத்தனை பேக்கள் என்ற கணக்கையும், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முதியோர் மீதான பாதிப்பு பற்றி நீங்கள் செய்த மதிப்பீட்டையும் தாருங்கள்."

கடைசி வாக்கியம் முக்கியம். 2010ம் வருட சமத்துவச் சட்டத்தின்படி பொது அமைப்புகள் முடிவெடுக்கும்போது இந்தப் பாதிப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பேக்களின் எண்ணிக்கை, இப்போதுள்ள பெர்மிட்டுகள், போட்ட டிக்கெட்டுகள் போன்ற கணக்குகளைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் இலவசமாகக் கேட்கலாம், 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். 20 வேலை நாள் என்றால் நான்கு வாரம், ஆட்சேபணைக்குள்ள 21 நாளை அது தாண்டிவிடும். அதனால் முதல் கருத்துக் கேட்பு வரும்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.

நீங்கள் பாதுகாக்கப்பட்ட கவுன்சில் வாடகைதாரர் (செக்யூர் டெனன்ட்) என்றால் 1985ம் வருட வீட்டுவசதிச் சட்டத்தின் 105ம் பிரிவும் இருக்கிறது. நிர்வாக முறையில் பெரிய மாற்றம் செய்யும்போது வாடகைதாரர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது அது. ஆனால் வாடகை, சேவைக் கட்டணம் பற்றிய விஷயங்களை அந்தப் பிரிவு தொடாது. ஆகவே "பெர்மிட் கட்டணம் அதிகம்" என்று அதைப் பிடிக்க வேண்டாம், "எங்கள் பேக்களை எடுக்கிறீர்கள், முறையாகக் கேட்கவில்லை" என்று பிடியுங்கள். கருத்துக் கேட்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்றும் நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டும் அளவுகோல் 1985ல் பிரென்ட் கவுன்சிலுக்கு எதிராகப் பள்ளிகள் தொடர்பாக நடந்த ஒரு வழக்கிலிருந்து வந்தது: முடிவு எடுக்கும் முன் கேட்க வேண்டும், போதிய தகவல் தர வேண்டும், போதிய நேரம் தர வேண்டும், வந்த பதில்களை மனதார எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த நான்கில் எது நடக்கவில்லையோ அதை எழுதுங்கள்.

கட்டணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2013ல் பார்னெட் கவுன்சில் தன் தெருப் பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100 ஆகவும், பார்வையாளர் வவுச்சரை 1 பவுண்டிலிருந்து 4 ஆகவும் உயர்த்தியதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1984ம் வருடச் சட்டம் வருமானம் திரட்டுவதற்கான கருவி இல்லை என்றார்கள். அது தெருப் பார்க்கிங் பற்றிய தீர்ப்பு, எஸ்டேட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். இருந்தாலும் கட்டண உயர்வுக்குக் காரணம் "வருமானப் பற்றாக்குறை" என்று கவுன்சில் அறிக்கையிலேயே எழுதியிருந்தால் அந்த வரியை வெட்டி எடுத்து ஆட்சேபணையில் ஒட்டுங்கள்.

ஆணை போட்டாகிவிட்டால் அதன் சட்டச் செல்லுபடியை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க ஆறு வாரம் இருக்கிறது. செலவு பெரியது, தனி ஆள் போகிற வழி கிடையாது. சில நேரம் "பரிசோதனை ஆணை" என்று போடுவார்கள். அது அதிகபட்சம் 18 மாதம் ஓடும், முதல் ஆறு மாதம் ஆட்சேபணை அனுப்பலாம். உண்மையில் அது நமக்கு நல்லது, பேக் கிடைக்காமல் சுற்றிய இரவுகளைப் புகைப்படத்தோடு காட்ட முடியும்.

மூன்றாம் படி: பெர்மிட் எடுப்பது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பழைய முறையில் சிலர் வார வாடகை கட்டி, எண் போட்ட சொந்த பே வைத்திருந்தார்கள். புதிய முறையில் பல இடங்களில் அது பொதுப் பே ஆகிவிடும். பெர்மிட் வாங்கினால் நிறுத்த அனுமதி உண்டு, இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. பே வாடகையை வீட்டு வாடகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தால், மாற்றம் நடந்த தேதியிலிருந்து அது நின்றதா என்று கணக்கைப் பாருங்கள். தானாக நிற்காவிட்டால் எழுதிக் கேட்டுத் திரும்ப வாங்குங்கள்.

விண்ணப்பிக்க வழக்கமாகக் கேட்பது இரண்டு: நீங்கள் அந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம், வண்டி உங்களுடையது என்பதற்கு ஆதாரம். இரண்டாவதற்கு வி5சி, அதாவது லாக் புக். அதில் இப்போதைய எஸ்டேட் முகவரி இருக்க வேண்டும். நம் வீடுகளில் பாதிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது: கார் அத்தான் பெயரில், முகவரி ஹரோவில் இருந்த பழைய வீடு, இன்சூரன்ஸ் தம்பி பெயரில். இதைச் சரி செய்யுங்கள். முகவரி மாற்றுவது இலவசம், இணையத்திலேயே செய்யலாம், மாற்றாமல் விட்டால் 1000 பவுண்ட் வரை அபராதம் வரலாம். அதைவிடப் பெரிய காரணம், டிக்கெட் பற்றிய அடுத்த கடிதம் எல்லாம் டிவிஎல்ஏவில் உள்ள முகவரிக்குத்தான் போகும். உங்கள் கைக்கு வராத கடிதத்துக்கு நீங்கள் பதில் போட முடியாது, ஆனால் நாள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனி வண்டி என்றால் கம்பெனி தலைப்புத் தாளில் கடிதம், லீஸ் வண்டி என்றால் ஒப்பந்தம் வேண்டும்.

எஸ்டேட்டில் ஃபிளாட் வாங்கியவரிடமிருந்து வாடகைக்கு எடுத்து இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கவுன்சில் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்காது, அதனால் வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் பில் இரண்டையும் உங்கள் பெயரில் தயாராக வையுங்கள். உரிமையாளர் ஏற்கனவே அந்த வீட்டின் பேரில் பெர்மிட் எடுத்து வைத்திருந்தால் வீட்டுக்கு ஒன்று என்ற வரம்பில் உங்களுக்குக் கிடைக்காமல் போகும். குடி போகும் முன்பே கேட்டுவிடுங்கள். ஃபிளாட்டை வாங்கியவர்கள் லீஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் பார்க்கிங் உரிமை என்று தனியாக எழுதியிருந்தால் அதைக் கவுன்சில் ஒரு அறிவிப்பால் அப்படியே அழித்துவிட முடியாது, ஒரு வக்கீலிடம் காட்டுவது நல்லது. புதிதாகக் கட்டிய பிளாக்கில் வீடு கிடைத்திருந்தால் அது "கார் இல்லாத குடியிருப்பு" என்ற நிபந்தனையோடு அனுமதி பெற்றதா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் கார் வைத்திருந்தும் பெர்மிட் தர மாட்டார்கள்.

விலை கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு. வண்டியின் கரியமில வாயு அளவைப் பொறுத்து விலை வைப்பதும் டீசலுக்குக் கூடுதலாக வாங்குவதும் லண்டனில் பரவலாகிவிட்டன. அளவு லாக் புக்கிலேயே இருக்கும். "என் கார் யூலெஸ் (லண்டனின் புகை மாசுக் கட்டண மண்டலம்) கட்டணம் இல்லாத கார், அப்போ பெர்மிட் மலிவு" என்று கணக்குப் போடாதீர்கள். யூலெஸ் பார்ப்பது நச்சுப் புகையை, பெர்மிட் பெரும்பாலும் பார்ப்பது கரியமில வாயுவை. பெரிய பெட்ரோல் கார் யூலெஸ் தாண்டிவிடும், பெர்மிட்டில் மாட்டும்.

இப்போது பெரும்பாலும் காகிதப் பெர்மிட் கிடையாது, நம்பர் பிளேட்தான் பெர்மிட். வார்டன் கையில் உள்ள கருவியில் எண்ணை அடித்துப் பார்ப்பார். ஓ எழுத்தும் பூஜ்ஜியமும் மாறிப் பதிவானாலே டிக்கெட் விழும். 2001 செப்டம்பருக்குப் பிறகு வந்த வழக்கமான பிளேட்டில் மூன்றாவது, நான்காவது இடங்கள் எப்போதும் எண்கள், அதை வைத்துச் சரிபாருங்கள். கார் மாற்றினால் அன்றே கணக்கில் மாற்றுங்கள். கராஜில் விட்டுவிட்டு வேறு கார் ஓட்டி வந்தாலும் அந்த எண்ணைத் தற்காலிகமாகச் சேர்க்க வழி இருக்கிறதா பாருங்கள். உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள், புதுப்பிக்கும் தேதிக்குப் போனில் அலாரம் வையுங்கள். நினைவூட்டல் வரவில்லை என்பது பொதுவாக எடுபடாத காரணம்.

பெர்மிட்டுக்குக் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பித்துத் தரும் தளங்களையும், "உங்களுக்கு பார்க்கிங் அபராதம் உள்ளது" என்று லிங்கோடு வரும் குறுஞ்செய்திகளையும் தொடவே வேண்டாம். கவுன்சில் தளத்தின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள்.

நான்காம் படி: விருந்தினர், கேரர், நீல அட்டை

பார்வையாளர் வவுச்சருக்குப் பல இடங்களில் வருடத்துக்கு ஒரு வரம்பு உண்டு. தீபாவளி, பிறந்தநாள், அந்தியேட்டி என்று வீட்டில் கூட்டம் கூடுகிற நாட்கள் நமக்கு முன்பே தெரியும், அதற்கு மிச்சம் வையுங்கள். சாவு வீட்டுக்கு முன்னறிவிப்பு கிடையாது. அந்த நிலையில் பார்க்கிங் பிரிவுக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பி, எத்தனை வண்டி, எந்த நேரம் என்று சொல்லிக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பின்னால் டிக்கெட்டை எதிர்க்கும்போது அந்த மின்னஞ்சல் உதவும். வவுச்சரைப் பக்கத்துக் கடைக்காரருக்கோ ஸ்டேஷன் போகிறவருக்கோ விற்பது, பெர்மிட்டையே இழக்க வைக்கும்.

அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள தினமும் வந்து போகும் பிள்ளைகளுக்கும் கேரர்களுக்கும் தனிப் பெர்மிட் பல கவுன்சில்களில் உண்டு. விளம்பரப்படுத்த மாட்டார்கள், கேட்க வேண்டும். ஜிபி கடிதம் அல்லது சோஷியல் சர்வீஸ் மதிப்பீடு போன்ற ஏதாவது ஓர் ஆதாரம் கேட்பார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை (ப்ளூ பேட்ஜ்) பற்றிய தப்பான நம்பிக்கை நிறையப் பேரை மாட்டிவிடுகிறது. மஞ்சள் கோட்டில் மூன்று மணி நேரம் என்ற சலுகை தெருவுக்கானது. எஸ்டேட்டின் உள்ளே நீல அட்டைக்கு என்ன சலுகை என்பது அந்த எஸ்டேட்டின் ஆணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். அட்டை வைத்திருந்தாலும் எஸ்டேட் பெர்மிட்டும் வேண்டியிருக்கலாம். பெரும்பாலும் கட்டணம் குறைவாகவோ இலவசமாகவோ இருக்கும், கேட்டு எடுத்து வையுங்கள். வீட்டு வாசலுக்கு அருகே மாற்றுத்திறனாளி பே இல்லாவிட்டால் அதற்கும் விண்ணப்பிக்கலாம்.

ஓடாமல் நிற்கும் காருக்கும் ஒரு வார்த்தை. சோர்ன் போட்டு, அதாவது சாலையில் ஓட்டவில்லை என்று டிவிஎல்ஏவுக்குச் சொல்லிவிட்டு, எஸ்டேட்டில் நிறுத்தி வைத்த கார்களைப் பல ஆணைகள் அனுமதிப்பதில்லை, டாக்ஸும் எம்ஓடி என்ற வருடாந்தரப் பரிசோதனையும் கேட்பார்கள். ஆணை ஓடத் தொடங்கும் முன் அதை நகர்த்தி விடுங்கள்.

ஐந்தாம் படி: டிக்கெட் விழுந்துவிட்டால்

கண்ணாடியில் இருப்பதைப் பிரித்து, முதலில் தலைப்பைப் படியுங்கள். கவுன்சில் கொடுப்பது பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ், தனியார் கொடுப்பது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ், இரண்டுக்கும் சுருக்கம் பிசிஎன்தான், நிறம், உறையும் பல நேரம் ஒன்று போலவே இருக்கும். கவுன்சில் டிக்கெட்டில் சட்டத்தின் பெயராக 2004ம் வருட போக்குவரத்து நிர்வாகச் சட்டம் இருக்கும். இந்தப் படியும் அடுத்த இரண்டும் அதற்குத்தான், தனியாரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து இரண்டு இலக்கக் குறியீட்டைப் பாருங்கள். 85 என்றால் செல்லுபடியாகும் பெர்மிட் இல்லை என்கிறார்கள். 86 என்றால் பேயின் கோட்டுக்குள் ஒழுங்காக நிற்கவில்லை. 87 மாற்றுத்திறனாளி பே. 81 தடை செய்த பகுதி, அதாவது கோடு போட்ட மூலை, குப்பை வண்டி திரும்பும் இடம் போன்றவை. நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்தக் குறியீட்டுக்கு மட்டும். 86க்கு டிக்கெட் போட்டுவிட்டு "உங்களிடம் பெர்மிட் இல்லை" என்று அவர்கள் வாதாட முடியாது.

காரை எடுப்பதற்கு முன் படம் எடுங்கள். காரின் நான்கு பக்கம், சக்கரமும் பேயின் வெள்ளைக் கோடும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று, அருகில் உள்ள போர்டு எழுத்து படிக்கும்படி ஒன்று, அந்தப் போர்டிலிருந்து கார் எவ்வளவு தூரம் என்று காட்ட ஒன்று. அப்புறம் நடந்து எஸ்டேட் வாசலுக்குப் போய், வண்டி ஓட்டி வருகிறவர் கண்ணுக்கு என்ன தெரியும் என்று வாசலிலிருந்து படம் எடுங்கள். வேப்பமரம் மாதிரி வளர்ந்துவிட்ட ஏதோ ஒரு மரம் போர்டை மறைத்திருக்கும், அல்லது பழைய தனியார் கம்பெனி போர்டும் புதிய கவுன்சில் போர்டும் ஒரே கம்பத்தில் வேறு வேறு நேரத்தைச் சொல்லிக்கொண்டு தொங்கும். ஆணை போட்ட கவுன்சில் அதைத் தெரிவிக்கும் போதிய அடையாளங்களையும் வைக்க வேண்டும் என்பது சட்டம். மாற்றம் வந்த முதல் சில மாதங்களில் எடுபடும் வலுவான காரணம் இதுதான்.

பணம்: லண்டனில் 2025 ஏப்ரலில் உயர்த்தியபின் கடுமையான வகைக்கு 160 பவுண்ட் வரை போகிறது, லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் அதிகபட்சம் 70 பவுண்ட்தான். 14 நாளுக்குள் கட்டினால் பாதி. அந்த 14 நாளுக்குள்ளேயே எழுத்தில் எதிர்த்தால், மறுத்தாலும் பாதித் தொகைக்கு மறுபடி வாய்ப்புத் தரும்படி அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது, பெரும்பாலும் தருகிறார்கள். ஆகவே காரணம் இருந்தால் முதல் வாரத்திலேயே எழுதுங்கள். கட்டிவிட்டு எதிர்க்க முடியாது, கட்டினால் வழக்கு முடிந்தது.

பார்வையாளர் வவுச்சரில் நேரம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் போட்ட டிக்கெட் என்றால் அந்தச் சலுகை நேரத்தைச் சொல்லுங்கள். பெர்மிட் இருக்கிறது, எண் தப்பாக விழுந்துவிட்டது என்றால் மறைக்காமல் உறுதி மின்னஞ்சலை இணைத்துக் கேளுங்கள்.

ஆறாம் படி: உரிமையாளருக்கு வரும் நோட்டீஸும் டிரிப்யூனலும்

28 நாள் கட்டாமல் இருந்தால் டிவிஎல்ஏ முகவரிக்கு நோட்டீஸ் டு ஓனர் வரும். வார்டன் போட்ட டிக்கெட்டைப் பற்றி நீங்கள் முன்பு எழுதி மறுக்கப்பட்டிருந்தாலும், இப்போது மறுபடி முறையாக எழுத வேண்டும். "முன்பே எழுதிவிட்டேனே" என்று விட்டால் கதவு மூடிவிடும். கிடைத்ததிலிருந்து 28 நாள் அவகாசம். தபாலில் போட்ட இரண்டாவது வேலை நாளில் உங்களுக்குக் கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அந்த நாளிலிருந்து காலண்டரில் எண்ணுங்கள்.

படிவத்தில் காரணங்கள் பட்டியலாக இருக்கும்: மீறல் நடக்கவே இல்லை, அப்போது வண்டி என்னுடையது இல்லை, அனுமதியின்றி யாரோ எடுத்துப் போனார்கள், கேட்கும் தொகை சட்டத் தொகையை விட அதிகம், கவுன்சில் நடைமுறையில் தவறு, ஆணையே செல்லாது. பொருந்துவதை எல்லாம் குறியுங்கள். உடல்நலம், மரணம், அவசரம் போன்றவை இருந்தால் "வலுவான காரணங்கள்" என்று தனியாக எழுதி ஆதாரம் சேருங்கள். தமிழில்தான் நன்றாகச் சொல்ல வருகிறது என்றால் முதலில் தமிழில் எழுதி, படித்த பிள்ளை ஒருவரிடம் ஆங்கிலத்தில் கொடுங்கள். சுருக்கமாக, நடந்தது நடந்த வரிசையில் இருந்தால் போதும், சட்டப் பிரிவுகளை அள்ளிப் போடத் தேவையில்லை.

கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் உங்கள் வாதத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், டிக்கெட் ரத்து. மறுத்தால் மறுப்புக் கடிதத்தோடு டிரிப்யூனலுக்குப் போகும் விவரமும் வரும், மறுபடி 28 நாள். லண்டனில் லண்டன் டிரிப்யூனல்ஸ், வெளியே டிராஃபிக் பெனால்ட்டி டிரிப்யூனல். கட்டணம் எதுவும் இல்லை. தோற்றால் முழுத் தொகை கட்ட வேண்டும், பாதிச் சலுகை போய்விடும், அவ்வளவுதான். அற்பமாகவோ அடாவடியாகவோ நடந்துகொண்டால் தவிரச் செலவுத் தொகை போட மாட்டார்கள். நேரில் போகப் பயம் என்றால் எழுத்து மூலமாகவே முடிவு கேட்கலாம். ஆனால் உங்கள் வார்த்தையை நம்ப வேண்டிய வழக்கு என்றால் பேசுவது நல்லது, கூட ஒருவர் உங்களுக்காகப் பேசலாம். கவுன்சில் தன் ஆதாரங்களை உங்களுக்கும் அனுப்பும். அதில் ஆணையின் நகல் இருக்கிறதா, வரைபடத்தில் உங்கள் பே உண்மையில் உள்ளே வருகிறதா, போர்டின் படம் அன்றைய நாளுடையதா என்று உட்கார்ந்து பாருங்கள். பழைய படத்தை எல்லா வழக்குக்கும் அனுப்பியிருப்பார்கள் என்றால், உங்கள் படத்தில் உள்ள தேதி அங்கே பேசும்.

ஏழாம் படி: எல்லாத் தேதியும் போய்விட்டது என்றால்

பதில் போடாமல் விட்டால் சார்ஜ் சர்டிபிகேட் வரும், தொகை பாதி மடங்கு கூடும். அதுவும் போனால் நார்த்தாம்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் கடனாகப் பதிவு செய்து வசூல் ஆணை அனுப்புவார்கள். இதற்கு 21 நாளுக்குள் டிஇ9 என்ற சாட்சி அறிக்கை கொடுக்கலாம். அதில் நான்கு காரணங்கள்தான்: நோட்டீஸ் டு ஓனர் கிடைக்கவில்லை, எழுதினேன் ஆனால் மறுப்பு வரவில்லை, டிரிப்யூனலுக்குப் போனேன் பதில் வரவில்லை, முழுவதும் கட்டிவிட்டேன். 21 நாள் தாண்டியிருந்தால் ஏன் தாமதம் என்று சொல்லும் டிஇ7ஐயும் சேர்த்து அனுப்ப வேண்டும். உண்மையை மட்டும் எழுதுங்கள், பொய் என்று தெரிந்தால் நீதிமன்ற அவமதிப்பு. பழைய முகவரிக்குப் போனதுதான் காரணம் என்றால் எப்போது வீடு மாறினீர்கள், டிவிஎல்ஏவுக்கு எப்போது சொன்னீர்கள் என்பதற்குச் சான்று இணையுங்கள்.

பெயிலிஃப் முதலில் கடிதம் அனுப்பி ஏழு முழு நாள் தர வேண்டும். அந்த நாட்களில் பேசித் தவணை கேட்டால் வீட்டுக்கு வரும் பெரிய கட்டணம் ஏறாது. காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை வரலாம். பார்க்கிங் கடனுக்காக முதன்முறை வரும்போது உங்களைத் தள்ளிக்கொண்டோ கதவை உடைத்தோ உள்ளே வர முடியாது. கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ பேசுங்கள், குழந்தைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அவர்கள் குறி வைப்பது காரைத்தான். மாற்றுத்திறனாளி பயணத்துக்காக நீல அட்டை வைத்து நிறுத்திய காரை எடுக்கக் கூடாது. பிழைப்புக்குத் தேவையான வாகனம், கருவி எல்லாம் சேர்த்து 1350 பவுண்ட் வரை பாதுகாப்பு உண்டு, அதற்கு மேல் மதிப்புள்ள டாக்ஸிக்கோ டெலிவரி வேனுக்கோ இது பெரிதாக உதவாது. தவணை முடியாத கார் நிதி நிறுவனத்தின் சொத்து என்பதையும் ஆவணத்தோடு சொல்லுங்கள்.

தனியார் டிக்கெட் என்றால்

ஹவுசிங் அசோசியேஷன் எஸ்டேட்டுகளில் இன்னும் ஒப்பந்த முறைதான் அதிகம். இங்கேயும் கிழித்துப் போடும் அறிவுரை செல்லாது. செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடை வளாகத்தில் போட்ட 85 பவுண்ட் கட்டணம் செல்லும் என்று 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பொதுவாக 100 பவுண்ட் வரை கேட்பார்கள், 14 நாளுக்குள் என்றால் குறையும். முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள், மறுத்தால் அது எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அதற்கேற்ப பாப்லா அல்லது ஐஏஎஸ் என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். கண்ணாடியில் எதுவும் வைக்காமல் கேமராவில் பிடித்திருந்தால், பதிவு உரிமையாளரைப் பொறுப்பாக்க அவர்களின் கடிதம் 14 நாளுக்குள் உங்களை வந்து சேர்ந்திருக்க வேண்டும். உறையின் தபால் தேதியையும் கடிதத்தின் தேதியையும் ஒப்பிடுங்கள். உங்கள் வாடகை அல்லது லீஸ் பத்திரத்தில் பார்க்கிங் உரிமை இருந்தால் பின்னால் வைத்த போர்டு அதைவிடப் பெரியதாகாது என்பது நல்ல வாதம். 2016ல் ஆக்ஸ்போர்டு கவுன்ட்டி நீதிமன்றத்தில் ஒரு குடியிருப்பாளர் மேசையை இறக்கச் சில நிமிடம் வாசலில் நிறுத்தியதற்குப் போட்ட கட்டணம் செல்லவில்லை. கவுன்ட்டி கோர்ட் கிளெய்ம் படிவம் வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போட வேண்டாம். சும்மா இருந்தால் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு பதிவாகும், ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது ஆறு வருடம் கடன் பதிவில் நிற்கும்.

எழுத, படிக்க உதவி தேவைப்பட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ், உள்ளூர் லா சென்டர், உங்கள் வார்டு கவுன்சிலரின் சந்திப்பு நேரம், இவை மூன்றும் இலவசம். போகும்போது உறைகளையும் சேர்த்து எடுத்துப் போங்கள், கடிதத்தை மட்டும் அல்ல. எந்த முகவரிக்கு, எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்பதை முதலில் கேட்பார்கள்.